மூன்றாம் பிரிவில் அடங்கும் அடிதடிகள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். அடி விழுந்தது என்று சொல்லியிருக்கும் இடத்தில் அடி விழுந்தது. எலும்பு முறிந்தது என்று சொல்லியிருக்கும் இடத்தில் எலும்பு முறிந்தது. எதையும் கூட்டிச் சொல்லவில்லை. வாசிப்பவர் மனம் தாங்காது என்று ஓரிரு எலும்புகளைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

விஸ்கான்சின் மாநிலத்தில், ஏரிக்கரை ஊரான ஷிபாய்கனில், ஆர்வின் ப்ரொஹாஸ்கா ஒரு நொறுக்குக்கூடம் நடத்திவந்தான். காசு கட்டிவிட்டு உள்ளே போனால் தலைக்கவசமும் ஒரு மட்டையும் தருவார்கள். பழைய பிரிண்டர், பழைய டிவி, விளிம்பு போன பீங்கான் தட்டு என்று எதிரே இருப்பதையெல்லாம் அடித்து நொறுக்கலாம். நேரம் முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் யாரையும் அடிக்காமல் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். தொழில் நன்றாகவே நடந்தது. ஆர்வின் மட்டும் இதுவரை ஒரு தட்டைக்கூட உடைத்ததில்லை. ஈ உள்ளே வந்தால் ஜன்னலைத் திறந்து வழியனுப்பி வைக்கிற ஆள்.

ஒருநாள் லோர்னா டெஷ் வந்தாள். பாதி ஆயுள் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பனியில் வண்டி ஓட்டியவளுக்கு உடைப்பதற்கு நிறைய இருந்தது. ஒரு ஜெராக்ஸ் மெஷினை அது திருகாணி திருகாணியாக வரும்வரை அடித்துவிட்டு வெளியே வந்தாள்.

"டேய் ஆர்வின், இந்த மாதிரி ஒண்ணு எங்க ஊரு ஃபாண்டுலாக்ல நான் வெக்கறேன். உன் பேர்லயே. சரியா?"

"மிஸஸ் டெஷ், உங்களுக்கு இல்லாததா. என்னை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டவங்க நீங்க. கையக் குலுக்கினா முடிஞ்சுது."

"கைய அப்புறம் குலுக்கு. மொதல்ல வக்கீலப் பாரு. எங்கக்கா மகன் இப்பிடித்தான் ஒரு சாண்ட்விச் கடைக்குக் கையக் குலுக்கினான். இப்ப அந்தக் கை மட்டும்தான் மிச்சம்."

அவள் சொன்னது சரிதான். கடைப் பெயரை இன்னொருவருக்குக் கொடுத்து நடத்தச் சொல்வதற்குப் பிரான்சைஸ் என்று பெயர். அந்த நாட்டில் பிரான்சைஸ் விற்கிறவன் ஒரு காசு வாங்குவதற்கு முன்னால் இருபத்துமூன்று பிரிவுகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணம் என்ற ஒன்றை வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும். அதைப் பதினான்கு நாள் அவர் படிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கையெழுத்து. விற்பவன் மேல் என்னென்ன வழக்கு இருக்கிறது என்பதைச் சொல்வது மூன்றாம் பிரிவு. ஏப்ரல் முடிந்துவிட்டால் போன வருடக் கணக்கு ஊசிப்போய்விடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

ஆர்வின் மேல் ஒரு வழக்கும் கிடையாது. வண்டியைத் தப்பாக நிறுத்திய அபராதம்கூடக் கிடையாது. மூன்றாம் பிரிவு ஒரு வரியில் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் மில்வாக்கி நகரத்துக்கு வண்டியைக் கிளப்பினான்.

ஹல்பர்ட் அண்ட் ஹல்பர்ட் அலுவலகம் பிரான்சைஸ் ஆவணத்துக்கென்றே இருப்பது. இரண்டாவது ஹல்பர்ட் இப்போது இல்லை. ஒரு பட்ஜெட் கூட்டத்தில் காலமாகிவிட்டார். முதல் ஹல்பர்ட் வெள்ளைத் தலையும் கனிந்த குரலுமாக ஆர்வினைக் கூட்ட அறைக்கு அழைத்துப் போனார். தரைவிரிப்பு கறை தெரியாத கருஞ்சிவப்பில் இருந்தது.

"ப்ரொஹாஸ்கா, ஒரு டாக்குமென்ட் எழுத என்ன செலவாகும்னு உலகத்துல எந்த வக்கீலுக்கும் தெரியாது. மத்த ஆபீஸ்ல தெரிஞ்ச மாதிரி ஒரே நம்பரச் சொல்லிடுவாங்க. அது ஏமாத்து வேலை. நாங்க நேர்மையானவங்க, அதனால ரெண்டு நம்பர் சொல்வோம். ஒண்ணு குறைஞ்சபட்சம், ஒண்ணு அதிகபட்சம். ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ உண்மை இருக்கு. அத வெளிய எடுக்கணும்."

"எப்பிடி எடுப்பீங்க?"

"முறைப்படி," என்றார் ஹல்பர்ட். மணியை அழுத்தினார்.

இரண்டு பேர் வந்தார்கள். குறைந்தபட்சத்துக்கு வக்கீல் வெஸ்லி ஸ்டாங். ஒல்லி; கழுத்தில் சுளுக்குப் பட்டை. அதிகபட்சத்துக்கு வக்கீல் பக் ராட்கே. கல்லூரியில் கால்பந்து ஆடிய உடம்பு. ஒரு காதுமடல் இல்லை. இருவரும் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார்கள். கண்ணாடியைக் கழற்றினார்கள். கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"பதினெட்டாயிரம் டாலர்," என்றார் ஸ்டாங்.

ராட்கே நாற்காலியைத் தூக்கி அவர் முதுகில் போட்டார்.

"இருபத்திரண்டு," என்றார் ஸ்டாங் தரையிலிருந்து.

அப்புறம் நடந்ததை ஆர்வின் பாதி விரல் இடுக்கு வழியாகத்தான் பார்த்தான். ராட்கே ஸ்டாங்கின் தலையை மேசை இழுப்பறைக்குள் வைத்து இழுப்பறையைச் சாத்தினார். முப்பது. விலா எலும்பில் மிதித்தார். முப்பத்தாறு. தண்ணீர்க் கூஜா உடைந்தது; நாற்பது. ஸ்டாங் கடைசியாக ஒரு முறை ராட்கேயின் கெண்டைக்காலைக் கடித்து முப்பத்தொன்பதுக்கு இறக்கினார். பதிலுக்குச் சுவரில் மாட்டியிருந்த பட்டச் சான்றிதழ் சட்டத்தோடு அவர் மண்டையில் இறங்கியது. நாற்பத்தேழு என்று முனகிவிட்டு அவர் மயங்கினார்.

"நாப்பத்தேழு," என்று ஹல்பர்ட் எழுதிக்கொண்டார். "மயங்கறப்ப வாயில இருக்கற நம்பர்தான் பட்ஜெட். கூட பட்ஜெட் தயாரிப்புக் கட்டணம். ஸ்டாங்கோட ஆஸ்பத்திரிச் செலவு எதிர்பாராத செலவுங்கற தலைப்புல வரும்."

"எப்பவும் நடக்கறதுதானே சார். எதிர்பாத்த செலவுதானே."

"எதிர்பாராத செலவுன்னு போட்டாத்தான் ப்ரொஹாஸ்கா அத முன்கூட்டியே எதிர்பாக்க முடியும்."

ஆர்வின் யோசித்துப் பார்த்தான். யோசிக்க யோசிக்க அது சரியாகவும் தெரிந்தது. அவனிடம் அவ்வளவு பணம் இல்லாததால் நொறுக்குக்கூடத்தை ஈடாக எழுதிக்கொடுத்தான். ஏப்ரல் கடைசி நாளுக்குள் விற்பனை முடிந்து பட்ஜெட் அடைபடாவிட்டால் கூடம் ஹல்பர்ட் அலுவலகத்துக்கு. தரையிலிருந்த ஸ்டாங்கிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தான்.

எழுந்தானே தவிரக் கிளம்பவில்லை. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. தொடையில் ஒரு தட்டுத் தட்டி "சரி, அப்ப வர்றேன்" என்பார்கள். அதற்கப்புறம்தான் பேச்சே ஆரம்பிக்கும். அறை வாசலில் கொஞ்சம், நடையில் கொஞ்சம், வெளிக்கதவில் கொஞ்சம், பிறகு வண்டிக் கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு கொஞ்சம். நேராக எழுந்து போகிறவனை அங்கே மனிதனாக மதிக்க மாட்டார்கள்.

முதல் பில் வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி டார்லா சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தாள். டார்லா சாசேஜ் என்கிற இறைச்சி உருளைகள் செய்யும் ஆலையில் வேலை செய்பவள். பன்றித்தொடைகளைத் தூக்கித் தூக்கித் திரண்ட கை.

"ஆலோசனை, ஒரு மணி நேரம். சரி. விடைபெறுதல், மூணு மணி நேரம். வாசல்ல நின்னு அப்பிடி என்ன பேசின?"

"வழியில மான் குறுக்க வரும், பாத்துப் போங்கன்னார். பாத்துப் போறேன்னேன். அவங்கம்மா முழங்கால் எப்பிடி இருக்குன்னு கேட்டேன்."

"எப்பிடி இருக்காம்?"

"நல்லா இருக்காம்."

"இருக்கணும். இந்த ரேட்டுக்கு எழுந்து ஓடணும்."

மறுநாளே டார்லா மில்வாக்கி போனாள். சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோடு போகிற வழக்கம் அங்கே இல்லை. ஃப்ரீசரிலிருந்து தன் கையளவு நீளமுள்ள மான்கறி சாசேஜ் ஒன்றை எடுத்துப் போனாள். ஹல்பர்ட்டிடம் அதை மரியாதையாக நீட்டித்தான் பேச்சைத் தொடங்கினாள். பக்கத்தில் நின்ற ராட்கே, விடைபெறும் நேரத்துக்கு அரை ரேட் போட முடியாது, அது முழு வேலைக்குச் சமம் என்றார். டார்லா நீட்டிய சாசேஜைத் திரும்ப எடுத்து அவர் தாடையில் ஒரு வீச்சு வீசினாள். கிரிக்கெட் மட்டையில் பந்து பட்டால் வருமே, அந்தச் சத்தம். ராட்கே கண்ணாடித் தடுப்பை உடைத்துக்கொண்டு அடுத்த அறையில் போய் விழுந்தார். கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துப் போவது நாகரிகமில்லை என்பதால் சாசேஜை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹல்பர்ட் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"வாழ்த்துகள். உங்க மூணாம் பிரிவு காலியாவே கெடந்துது, எனக்கு அதுதான் கவலை. அது காலியா இருந்தா வாங்கறவங்களுக்குச் சந்தேகம் வரும், இவன் என்னமோ மறைக்கறான்னு. இப்ப ஒரு கேஸ் வந்துடுச்சு."

"கேஸ் போட்டது யாரு?" என்றாள் டார்லா.

"நாங்கதான்."

"எங்களுக்கு வாதாடறது?"

"அதுவும் நாங்கதான். உங்க ஃபைல் தெரியாத வெளியாளுங்கள எப்பிடிம்மா நம்பறது? வேற மாடியில வெச்சுப் பாத்துக்குவோம்."

வழக்கு வந்ததால் மூன்றாம் பிரிவைத் திருத்தி எழுத வேண்டும். எழுதினால் செலவு கூடும். கூடினால் பட்ஜெட்டைத் திருத்த வேண்டும். திருத்த வேண்டுமென்றால் ஸ்டாங்கை மறுபடி அடிக்க வேண்டும். கூட்டத்துக்கு அழைப்பு முறைப்படி வந்தது.

இந்த முறை ஸ்டாங்கின் இடது கை ஏற்கெனவே மாவுக்கட்டில் இருந்தது. ராட்கே அந்தக் கட்டைப் பிடித்தே அவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டபோது ஆர்வினுக்குப் பொறுக்கவில்லை. நடுவில் போய் நின்றான். ஸ்டாங்குக்குக் கிளம்பிய குத்து அவன் வாயில் விழுந்தது.

"மன்னிச்சிருங்க," என்றான் ஆர்வின். அந்த ஊரில் அடிபட்டவன்தான் முதலில் மன்னிப்புக் கேட்பான்.

"பரவால்ல," என்றார் ராட்கே. ஆனால் பரவாயில்லாமல் போகவில்லை. ஆர்வினின் முன்பல் அவர் விரல்முட்டியில் குத்தி நின்றுவிட்டது. புண் சீழ் வைத்தது. பல்லால் தாக்கிக் கொடுங்காயம் ஏற்படுத்தியதாக இரண்டாவது வழக்கு. பல்லைத் திருப்பித் தராததற்கு ஆர்வின் பெயரில் ராட்கே மேல் எதிர்வழக்கு. அதையும் ஹல்பர்ட்டே மூன்றாவது மாடியிலிருந்து போட்டுக் கொடுத்தார். இரண்டும் மூன்றாம் பிரிவில் சேர்ந்தன. மறுபடி திருத்தம், மறுபடி கூட்டம், மறுபடி ஸ்டாங். மார்ச் மாதத்தில் மற்ற இருபத்திரண்டு பிரிவும் கைக்குட்டை கனத்தில் இருக்க, மூன்றாம் பிரிவு மட்டும் வண்டிச் சக்கரம் மாதிரி ஆகிவிட்டது.

அதைத் தூக்கிக்கொண்டு ஆர்வின் மாநில அரசின் ஆவணப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனான். அங்கே பதிவானால்தான் லோர்னாவிடம் கொடுக்கலாம். பரிசோதகர் ஆர்டித் ஹோவ்லண்ட் ஆவணத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். பார்த்த பக்கங்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி ஆர்வின் மண்டையில் தட்டினாள். அது அலுவலக நடைமுறை. குறைபாட்டை விண்ணப்பதாரருக்கு உரிய முறையில் தெரியப்படுத்துவது.

"மான்கறி சாசேஜால அடிச்சதா போட்டிருக்கீங்க. உறைஞ்சிருந்ததா, இளகியிருந்ததா? அது தெரியாம வாங்கறவங்க எப்பிடி முதலீடு பண்றது?"

"கல்லு மாதிரி இருந்துதுங்க."

"எழுதுங்க. அடுத்தது. ராட்கே எத்தனை நாற்காலி உடைச்சார்னு இருக்கு. நாற்காலி என்ன மரம்னு இல்ல. நாங்க பொதுமக்களைக் காப்பாத்தறதுக்காக இங்க உக்காந்திருக்கோம் சார். மக்கள் பணத்தைத் தொலைக்கலாம், அது அவங்க உரிமை. ஆனா எல்லா விவரமும் தெரிஞ்சு தொலைக்கணும்."

ஆர்வின் ஓக் என்று எழுதினான். ஹோவ்லண்ட் திருப்தியாகத் தலையசைத்து, தரையில் பொருத்திய பெரிய ஸ்டேப்ளரின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறக்கினாள். ஆவணத்தின் மூலையில் கம்பி இறங்கியது. அதே மூலையில் ஆர்வினின் கட்டைவிரலும் இருந்தது.

"மேடம்," என்றான் ஆர்வின், சத்தம் போடாமல். "என் விரல் மாட்டிக்கிச்சு. மன்னிச்சிருங்க."

ஹோவ்லண்ட் குனிந்து பார்த்தாள். "ஆமா. ஆனா பதிவாயிடுச்சே. பதிவான ஆவணத்துலேர்ந்து எதையும் பிரிக்க எனக்கு அதிகாரமில்ல. திருத்த மனு போடுங்க."

மனு எழுத வக்கீல் வர வேண்டும். வந்தது ராட்கே. மனுவை மேசையில் வைத்துவிட்டு, ஆவணத்தின் மேல் ஒரு காலை ஊன்றி, ஆர்வினின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். விரலின் பெரும்பகுதி வெளியே வந்தது. நகம் பதிவில் தங்கிவிட்டது. பக்க எண் கொடுத்தார்கள்.

ஏப்ரல் பாதியில் ஆர்வின் ஆவணத்தை வேனில் ஏற்றி லோர்னா வீட்டு வாசலில் இறக்கினான்.

"என்னடா இது, டிராக்டர் பாகமா?"

"நீங்க கேட்டதுதான் மிஸஸ் டெஷ். பதினாலு நாள் படிக்கணும். அப்புறம் வேணும்னா கையெழுத்துப் போடலாம்." வேன் கதவைச் சாத்தினான். "வேணாம்னு சொன்னாலும் தப்பா நெனைக்க மாட்டேன். படிச்சா யாருக்கும் வேணும்னு தோணாது."

லோர்னா அவன் வாயில் பல் இருந்த இடத்தையும் விரலில் நகம் இருந்த இடத்தையும் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை எடுக்க உள்ளே போனாள்.

கடைசி நாளும் வந்தது. ஹல்பர்ட் சாவியை வாங்க நொறுக்குக்கூடத்துக்கே வந்துவிட்டார். கூட ராட்கே. ஸ்டாங்கைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். பட்ஜெட் மொத்தம் எவ்வளவு என்று தெரியாமல் கூடத்தை எடுத்துக்கொள்வது முறையில்லை என்பதால் கடைசிப் பட்ஜெட் கூட்டத்தை அங்கேயே நடத்தினார்கள். டார்லா எல்லோருக்கும் காபியும் சீஸும் வைத்தாள்.

ஒரு விஷயத்தை மட்டும் ஹல்பர்ட் யோசிக்கவில்லை. அவர் அலுவலகத்தில் இருந்தவை நாற்காலிகள். இங்கே சுவர் முழுக்க மட்டைகள்.

"ரெண்டு லட்சம்," என்று ராட்கே ஆரம்பித்தார்.

ஸ்டாங் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்தார். எட்டி ஒரு மட்டையை எடுத்தார். தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து வாங்கிய அத்தனையும் அந்த வீச்சில் இருந்தது. ராட்கேயின் முழங்கால் பின்பக்கமாக மடங்கியது.

"ஒண்ணரை," என்றார் ஸ்டாங்.

தோள்பட்டையில் இன்னொன்று. "ஒண்ணு." இருந்த காதுமடலில் ஒன்று. "அறுபதாயிரம்."

அலுவலக வரலாற்றிலேயே எண் இவ்வளவு இறங்கியதில்லை. ஹல்பர்ட் பதறிப்போய்க் கோட்டோடு உள்ளே பாய்ந்து ஸ்டாங்கின் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கினார். எண் எழுபதுக்கு ஏறியது. டார்லா ஹல்பர்ட்டை இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தட்டு அடுக்கின் மேல் எறிந்தாள். முப்பது. ராட்கே தவழ்ந்தபடியே ஒரு டிவியை அவள் மேல் தள்ளினார். ஹல்பர்ட் பீங்கான் சில்லுகளுக்கிடையே கிடந்தபடி கையிலிருந்த சின்ன ரெக்கார்டரில், "மூணாம் பிரிவு, புதுப் பத்தி," என்று சொல்லிக்கொண்டே ஸ்டாங்கின் கணுக்காலைத் திருகினார். ஆர்வின் பிரிண்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பத்திரமான மூலைக்குக் கொண்டுபோனான். நாளைக்கு அவை தன்னுடையவை இல்லை என்பது தெரிந்தும் கொண்டுபோனான். இரண்டாவது பிரிண்டரோடு திரும்பும்போது யாருடையதென்று தெரியாத ஒரு மட்டை அவன் முதுகில் இறங்கியது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தான்.

"உக்காருங்க எல்லாரும்."

கத்தவில்லை. பஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்துச் சொல்கிற குரல்தான். ராட்கே உட்கார்ந்தார். ஸ்டாங் உட்கார்ந்தார். ஹல்பர்ட் உடைந்த தட்டுகளின் மேலேயே நிமிர்ந்து உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அந்த மாநிலத்தில் பிறந்த எல்லோரும் பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள்தான்.

லோர்னா டெஷ் வாசலில் நின்றாள். பின்னால் கைவண்டியில் ஆவணம். பக்கம் பக்கமாகக் காகித நறுக்கு வைத்து அடையாளம் செய்திருந்தது.

"படிச்சேன். மொதல் ரெண்டு பிரிவுல தூங்கிட்டேன். மூணாம் பிரிவ எடுத்தப்புறம் கீழ வெக்க முடியல. சோறு அடுப்புல கரிஞ்சுது. ஆர்வின், பேனா எங்க?"

"வாங்கறீங்களா?" என்றான் ஆர்வின்.

"வாங்கறேன். எட்டாம் பிரிவுல ஒரு மாத்தம். கூடத்துல உடைக்கற சாமான நீ சொல்ற ஆள்கிட்டதான் வாங்கணும்னு போட்டிருக்கே. பழைய பிரிண்டர், பழைய டிவி, தட்டு. எனக்கு அதெல்லாம் வேணாம். அத அடிச்சிட்டு இவங்களப் போடு." மூன்று வக்கீல்களையும் விரலால் வரிசையாகக் காட்டினாள். "எங்க ஊர்ல ஒருத்தனும் இதுவரைக்கும் பிரிண்டரால வீட்ட இழந்ததில்ல."

ஹல்பர்ட்டின் நெற்றியிலிருந்து ஒழுகியது புருவத்தில் தேங்கியிருந்தது. அதைத் துடைக்காமல் யோசித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"மிஸஸ் டெஷ், இத்தனை வருஷமா நாங்க ஒரு வியாபாரத்தக் கைநழுவ விட்டிருக்கோம். இப்பவும் ஜனங்க எங்களுக்கு மணிக்கணக்குலதான் காசு கொடுக்கறாங்க. வெளிய போறப்ப யாரயாவது அடிக்கணும்ங்கற நெனப்போட போறாங்க. அந்தத் தேவைய உண்டாக்கறது நாங்க, லாபம் பாக்கறது வேற எவனோ. நியாயமா அது எங்க கணக்குல வர வேண்டியது." ராட்கே பக்கம் திரும்பினார். "உனக்கு ஆட்சேபணை உண்டா?"

"அடிபடற நேரத்துக்கு முழு ரேட்டா, அரை ரேட்டா?"

"முழு ரேட்."

"அப்ப இல்ல."

"எனக்கும் இல்ல," என்றார் ஸ்டாங். "எப்பிடியும் பழக்கம்தான். அங்க தலைக்கவசம் தருவாங்களாமே."

"அது அடிக்கறவங்களுக்கு," என்றாள் லோர்னா.

எட்டாம் பிரிவு அங்கேயே திருத்தப்பட்டது. உடைபொருள் வழங்குநர் என்ற உரிமைக்கு ஈடாக ஹல்பர்ட் நொறுக்குக்கூடத்தின் மேலிருந்த பிடியை விட்டுக்கொடுத்து எழுதினார். எழுதிய நேரத்துக்கு பில் போட்டார். ராட்கேயின் முதுகை மேசையாக வைத்து லோர்னா கையெழுத்துப் போட்டாள். வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அழுத்தியே போட்டாள். ஆர்வின் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தான் காப்பாற்றிய பிரிண்டர் ஒன்றின் மேல் உட்கார்ந்தான்.

ஃபாண்டுலாக் கூடம் இப்போது ஓகோவென்று நடக்கிறது. ஸ்டாங்கை அடிக்கக் குறைந்தபட்சக் கட்டணம். ராட்கேயை அடிக்க அதிகபட்சம். சனிக்கிழமைகளில் முன்பதிவு செய்தால் ஹல்பர்ட்டே வருகிறார். ஆர்டித் ஹோவ்லண்ட் தன் சொந்த ஸ்டேப்ளரோடு பகுதிநேரமாகச் சேர்ந்திருக்கிறாள். பக்கத்து ஊர்களிலிருந்து பிரான்சைஸ் ஆசையில் கடையை இழந்தவர்கள் குடும்பத்தோடு, சோறு கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இத்தனையும் அந்த ஆவணத்தின் மூன்றாம் பிரிவில் தேதியோடு அச்சாகியிருக்கிறது. கேட்டால் யாருக்கும் ஒரு பிரதி தருவார்கள். அதன் அட்டைப் பக்கத்தில், சட்டப்படி போட்டே தீர வேண்டிய ஒரு வரியும் இருக்கிறது: இதில் உள்ள எந்தத் தகவலையும் எந்த அரசு அலுவலகமும் சரிபார்க்கவில்லை.